ரிஜெக்ட் சாரும் பூட்ஸ் போட்ட குருவியும்

வேலூருக்கும் ஆம்பூருக்கும் நடுவே பறக்கிற எந்தச் சின்னக் குருவியும் ரிஜெக்ட் சாரிடம் முதல் தடவையில் பாஸானது கிடையாது. இரண்டாவது தடவையும் ஆகாது. மூன்றாவது தடவை, உடம்பை ஒருக்களித்து, வயிற்றைக் காட்டி, காலை பத்துக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையில் வந்து நின்றால், "பார்க்கலாம்" என்பார்.

அவருடைய உண்மையான பெயர் ரேஷன் கார்டில் இருக்கிறதாம். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் முப்பது வருடம் செலெக்‌ஷன் மேஜையில் நின்றவர். பதப்படுத்திச் சாயம் ஏற்றிய தோல் அந்த மேஜைக்கு வரும். அவர் பார்ப்பார், கட்டைவிரலால் தேய்ப்பார், மடிப்பார், இது முதல் தரம், இது இரண்டாம் தரம், இது ரிஜெக்ட் என்று பிரித்துப் போடுவார். நம் வலது கால் ஷூவும் இடது கால் ஷூவும் ஒரே பழுப்பாக இருக்கின்றன என்றால் அப்படி ஒருவர் எங்கோ கண்ணை இடுக்கிக்கொண்டு நின்றிருக்கிறார் என்று அர்த்தம். நல்லதுதான். ஆனால் அந்தக் கண்ணோடு ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் ஊர் என்ன ஆகும் என்று தொழிற்சாலைக்காரர்கள் யோசித்திருக்க வேண்டும்.

தட்டில் நாலு இட்லி வைத்தால் ஒன்றை ஓரமாகத் தள்ளி, "இது வேற லாட், ஷேடு சேரல" என்பார். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கோட்டுக்கும் பேன்ட்டுக்கும் ஷேடு ஒத்துப்போகவில்லை என்று மேடையிலேயே சொல்லி, பெண் வீட்டாருக்குச் சந்தேகத்தைக் கிளப்பிவிட்டார். போன வருடம் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பாஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, உங்க வெள்ளை அங்கி வரவர மங்குது. வீட்ல சோப்பை மாத்தச் சொல்லுங்க" என்று வேறு ஆரம்பித்தார். பாஸ்டரம்மா அதன்பிறகு அவர் இருக்கும் பக்கம் திரும்புவதே இல்லை. இவரிடம் முப்பத்தைந்து வருடமாகப் பாஸாகிக்கொண்டே வருகிற ஒரே ஜீவன் அவருடைய மனைவி, எங்கள் எல்லோருக்கும் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர்.

நான் இவரிடம் மாட்டியதற்கு என் கொல்லைப்புறம்தான் காரணம். எனக்கு ஷூ கம்பெனியில் ஏற்றுமதிப் பேப்பர் தயாரிக்கிற வேலை. வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கை, ஒரு கொடுக்காப்புளி. லீவு நாளில் போனைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே வருகிற குருவிகளைப் படம் எடுப்பேன். வேலூர், விரிஞ்சிபுரம், வாணியம்பாடி என்று இதே கிறுக்குப் பிடித்த இருபது பேர் சேர்ந்து ஒரு வாட்ஸப் குழு வைத்திருந்தோம். காக்கா, மைனா வரைக்கும் எங்களுக்குள் சண்டை இல்லை. சின்னதாக, பழுப்பாக, ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிற்காத குருவிகள் பத்துப் பதினைந்து வகை இருக்கின்றன. ஒன்றுக்குப் புருவக் கோடு கொஞ்சம் நீளம், இன்னொன்றுக்கு வால் கொஞ்சம் குட்டை, அவ்வளவுதான் வித்தியாசம். அங்கேதான் அடிதடி. "தோல்ல நூலிழை ஷேடு கண்டுபிடிக்கிற மனுஷன் ஒருத்தர் சும்மாதானே இருக்கார்" என்று ஒரு புண்ணியவான் இவரைக் குழுவில் சேர்த்துவிட்டார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. சேர்த்த புண்ணியவான் ஆறே மாதத்தில் குழுவை விட்டு ஓடிவிட்டார்.

சும்மா சொல்லக்கூடாது, ரிஜெக்ட் சார் இரண்டே மாதத்தில் குருவிப் புத்தகம் முழுவதையும் கரைத்துக் குடித்துவிட்டார். பிறகு தீர்ப்பு சொல்ல உட்கார்ந்தார். நான் முதலில் அனுப்பியது ஒரு பொட்டைத் தேன்சிட்டு. ஒரே வார்த்தையில் பதில் வந்தது: "ரிஜெக்ட்." ஏன் என்று நேரில் போய்க் கேட்டேன்.

"இன்னாமா, போன்ல அனுப்பினா எப்படிமா பார்க்கிறது? உன் போன்ல ஒரு ஷேடு, என் போன்ல ஒரு ஷேடு. நான் எதை நம்பறது? பிரின்ட் போட்டு எடுத்துட்டு வா. பளபளா பேப்பர் வேணாம்."

ஸ்டுடியோவில் பிரின்ட் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். வடக்குப் பக்க ஜன்னலோரம் மேஜை போட்டிருந்தார். படத்தை வாங்கினார், கட்டைவிரலால் குருவியின் முதுகைத் தேய்த்தார், அடுத்த நொடி சரக்கென்று நடுவில் மடித்தார்.

"சார்!"

"மடிச்சுப் பார்த்தாத்தாம்மா தரம் தெரியும். பழக்கம், கை போயிடுச்சு. இன்னொண்ணு எடுத்துட்டு வா."

இன்னொன்று எடுத்துக்கொண்டு போனேன். அப்போது மணி மூன்றேகால். "வெளிச்சம் போச்சு, நாளைக்கு வா" என்றார். வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

அடுத்து வந்தது வெள்ளைத் துண்டுச் சட்டம். உள்ளங்கை அகல வெள்ளைத் தோல் ஒன்றை எங்கள் இருபது பேருக்கும் கொடுத்தார். குருவி வந்து உட்காரும் கிளைக்குப் பக்கத்தில் அதைக் கட்டிவிட வேண்டும். படத்தில் குருவியோடு துண்டும் விழ வேண்டும். துண்டு வெள்ளையாக விழுந்திருந்தால் குருவியின் நிறமும் உண்மை என்று அர்த்தம். நியாயமான யோசனைதான். ஆனால் பக்கத்து வீட்டு சரோஜாக்காவுக்கு இதை யார் சொல்வது?

"ஏம்மா, மரத்துல இன்னாத்தையோ கட்டியிருக்கியே, யாராச்சும் மந்திரிச்சுக் குடுத்தாங்களா?"

"இல்லக்கா, குருவிக்கு."

"குருவிக்கா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். மறுநாள் எங்கள் பக்கம் பார்த்த அவர் வீட்டு ஜன்னலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்கின.

ஒரு ஞாயிறு எல்லோரும் அமிர்திக் காட்டுக்குப் போனோம். அருவிக்குப் போகிற வழியில் ஒரு ஈப்பிடிப்பான் கைக்கெட்டும் தூரத்தில் வந்து உட்கார்ந்தது. இருபது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "மர நிழல்ல எல்லாம் பச்சையாத்தான் தெரியும். வெளிய வரட்டும், அப்புறம் சொல்றேன்" என்றார் இவர், பஸ் ஸ்டாண்டில் பேசுகிற குரலில். அது வெளியே வந்தது. அப்படியே ஒடுகத்தூர்ப் பக்கம் பறந்து போனது.

இத்தனை பேஜாருக்கும் நடுவில், மூன்று வருடத்தில் என் கொல்லைப்புறத்தில் நாற்பத்தொன்பது வகைக் குருவிகளுக்கு அவரிடம் பாஸ் வாங்கிவிட்டேன். ஐம்பதாவதுதான் வினை.

பொங்கல் முடிந்த வாரம் கொடுக்காப்புளியில் புதிதாக ஒன்று துள்ளிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் அளவு. பால் அதிகம் ஊற்றிய டீயின் நிறம். நாணல் கதிர்க்குருவி என்று ஒன்று மாரிக் காலத்தில் எல்லார் வீட்டுக்கும் வரும், ஏறக்குறைய அதே ஜாடை. ஆனால் இது வாலை விரித்தபோது இரண்டு ஓரத்திலும் மெல்லிய வெள்ளைக் கோடு. புத்தகத்தைப் புரட்டினேன். பூட்டட் வார்ப்ளர் என்று போட்டிருந்தது, பூட்ஸ் போட்ட கதிர்க்குருவி. தேசம் தேசமாக ஷூ அனுப்புகிற எங்கள் ஊருக்குக் காலில் பூட்ஸோடு வந்து இறங்கிய முதல் விருந்தாளி! கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு அரை நாள் லீவு போட்டுப் படம் எடுத்தேன். பிரின்டை ரிஜெக்ட் சாரின் மேஜையில் வைத்தேன்.

பார்த்தார். ஜன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"நாணல் கதிர்க்குருவி. ஏற்கெனவே உன் லிஸ்ட்ல இருக்குது."

"சார், வால் ஓரத்துல வெள்ளை பாருங்க!"

"வெள்ளை எங்கமா இருக்குது? டான் கலர், இளம்பழுப்பு. அது சரி, துண்டே அழுக்கா இருக்குதே. அழுக்குத் துண்டை வெச்சுக்கினு வெள்ளையப் பத்திப் பேசறியே. ரிஜெக்ட்."

துண்டைக் கழுவினேன். மறுபடி படம். "அழுக்கு." டீச்சரிடம் வேறு துண்டு வாங்கிக் கட்டினேன். மறுபடி படம். "மஞ்சளாயிடுச்சும்மா. வெள்ளைத் தோல் வெயில் பட்டா மஞ்சளாகும், அது தோலோட குணம்." அந்தச் சமயத்தில் குழுவில் எல்லோருக்கும் இதே பதில்தான். விரிஞ்சிபுரத்துக்காரர் ஒரே மாதத்தில் நாலு துண்டு மாற்றினார். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ஏனென்றால் வெள்ளைத் தோல் வெயிலில் மஞ்சளாகும் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த உண்மை. தோலைப் பற்றி ஒன்றும் தெரியாத ஊராக இருந்தால் அந்த மனிதரை முதல் வாரமே கண் டாக்டரிடம் அனுப்பியிருப்பார்கள்.

மூன்றாவது ரிஜெக்டோடு வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர், "இன்னா, உன் குருவி ஃபெயிலா?" என்று சிரித்தார். வந்த கோபத்தில் அந்தக் குருவியின் படங்கள் அத்தனையையும் போனிலிருந்து அழித்தேன். பிரின்டுகளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். மாசி முடிவதற்குள் குருவியும் போய்விட்டது. இவை மலை தாண்டிப் போய்விட்டு மறுபடி ஐப்பசியில்தான் வரும், வந்தால்.

சித்திரையில் கம்பெனிக்குப் புது வெள்ளைத் தோல் கட்டு வந்தது. நான் கேட்டு, பிரிக்காத கட்டிலிருந்து, கறுப்புக் காகிதத்துக்குள் இருந்த ஒரு துண்டை வெட்டி வாங்கினேன். வெயில் அதன் முகத்தில் விழித்ததே இல்லை. நேராக அவர் வீட்டுக்குப் போய்க் காகிதத்தைப் பிரித்து மேஜையில் வைத்தேன்.

"இப்ப சொல்லுங்க சார். இதாவது வெள்ளையா?"

எடுத்துப் பார்த்தார். "இதுவும் மங்கல்தாம்மா. உங்க கம்பெனி இன்னா சரக்கு வாங்குது?"

எனக்கு எங்கிருந்துதான் அப்படிக் குரல் வந்ததோ.

"சார், அழுக்கு துண்டுல இல்ல! உங்க கண்ணுல இருக்குது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே காதில் விழுந்தது. சமையலறையிலிருந்து டீச்சர் வந்து கதவோரம் நின்றார். "நானும் ஆறு மாசமா அதைத்தான் சொல்றேன்" என்றார் மெதுவாக. "போன வாரம் ஒரு கால்ல கறுப்பு சாக்ஸ், ஒரு கால்ல நீலம். கேட்டா, கடைக்காரன் ஏமாத்திட்டான்னார்."

ரிஜெக்ட் சார் எங்களோடு சண்டைக்கு வரவில்லை. எழுந்து போய் பீரோவைத் திறந்தார். துணிகளுக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பா, அதற்குள் கறுப்புத் துணி, அதற்குள் ஒரு வெள்ளைத் தோல் துண்டு. வேலை பார்த்த காலத்தில் மற்ற எல்லா வெள்ளையையும் எதனோடு வைத்து ஒப்பிட்டாரோ அந்த மாஸ்டர் துண்டு. முப்பது வருடமாக அதை இருட்டிலேயே வைத்துக் காப்பாற்றியிருக்கிறார். ஜன்னலருகே எடுத்துப் போய்ப் பார்த்தார். என் துண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே மாதிரி அழுக்கா இருக்குது" என்றார். அந்த மனிதர் பேசாமல் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். மூன்று வருடமாக இதற்குத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன். ஆனால் பார்க்கச் சகிக்கவில்லை.

இரண்டு கண்ணிலும் புரை. வேலூர் ஆஸ்பத்திரியில் முதலில் வலது கண்ணை ஆபரேஷன் செய்தார்கள். "அடுத்த மாசமே இடது கண்ணுக்கும் வந்துடணும், தள்ளிப் போடாதீங்க, நல்லா முத்தியிருக்கு" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

கட்டுப் பிரித்த நாளிலிருந்து எங்களுக்குப் புதுத் தலைவலி. எதைப் பார்த்தாலும் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார், மறு கண்ணை மூடிப் பார்ப்பார், இரண்டு தீர்ப்பு சொல்வார். "புதுக் கண்ணுக்கு சுண்ணாம்பு, பழைய கண்ணுக்குச் சந்தனம்" என்று டீச்சரின் புடவையைப் பற்றித் தெருவில் நின்று அறிவித்தார். ஞாயிற்றுக்கிழமை பாஸ்டரின் அங்கியைப் புதுக் கண்ணால் பார்த்ததும், ஆராதனை முடிகிற வரைக்கும்கூடப் பொறுக்காமல் எழுந்து, "பாஸ்டரம்மா, சோப்பை மாத்தாதீங்க, என்னை மன்னிச்சிடுங்க" என்றார். சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பாஸ்டரம்மா மன்னித்தாரா என்று தெரியவில்லை.

பிறகு குழுவில் ஒரு செய்தி போட்டார். இரண்டு வருடமாகத் தான் சொன்ன தீர்ப்பு எல்லாவற்றையும் வாபஸ் வாங்குவதாகவும், எல்லோருடைய பிரின்டையும் மறுபடி பார்க்கப் போவதாகவும். சொன்னபடி வாணியம்பாடி வரைக்கும் பஸ் ஏறிப் போய் வீடு வீடாக உட்கார்ந்து பார்த்தார். என் வீட்டுக்கும் வந்தார். நாற்பத்தொன்பதில் ஏழு குருவிகளைத் தவறாகப் பாஸ் செய்திருப்பதாகச் சொல்லி அடித்தார். மூன்று வருட உழைப்பு நாற்பத்திரண்டாகக் குறைந்து நின்றது. காபி கொடுத்தேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் கொடுத்தேன்.

"இன்னொண்ணு இருக்குதேம்மா. வால் ஓரத்துல வெள்ளைன்னு சொன்னியே, நான் மூணு வாட்டி தள்ளுனேனே. அதை எடு."

"அழிச்சிட்டேன் சார்."

"பிரின்ட்?"

"அடுப்புல போட்டுட்டேன்."

அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. "போனாப் போவுது விடுங்க சார், ஒரு குருவிதானே" என்றேன்.

"அப்படி இல்லமா" என்றார். "தப்பா பாஸ் பண்ணிட்டா கஸ்டமர் திருப்பி அனுப்பிடுவான், நமக்குத் தெரிஞ்சிடும். நல்ல பீஸைத் தப்பா தள்ளிட்டா அது எங்க போச்சு, இன்னா ஆச்சுன்னு யாருக்குமே தெரியாது. யாரும் வந்து சொல்ல மாட்டான். முப்பது வருஷமும் நான் பயந்தது அதுக்குத்தான். அது மறுபடி வரும்ல? வந்தா பார்த்துடறேன்."

மறுநாள் காலை பத்து மணிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியோடு என் கொல்லைப்புறத்தில் இருந்தார். அப்போது ஆவணி. ஐப்பசிக்கு முன் அது வராது என்று புத்தகத்தைக் காட்டிச் சொன்னேன். "முன்னாடியே வந்துட்டா?" என்றார். நான் வேலைக்குப் போன நாட்களிலும் வந்து உட்கார்ந்திருக்கிறார். சரோஜாக்கா மதிலுக்கு மேலே எட்டி, "யாரும்மா அது, தினம் உக்காந்து மரத்தையே பார்க்கிறாரு?" என்று கேட்டு இன்னொரு எலுமிச்சம்பழம் கட்டினார். எங்கள் வீட்டு மதில் பூச்சில் மூன்று ஷேடு இருப்பதையும், என் சட்னி நேற்றைய சட்னியோடு ஒத்துப்போகவில்லை என்பதையும் அந்த நாற்காலியிலிருந்தே கண்டுபிடித்தார்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. இடது கண் ஆபரேஷனுக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். தப்பு செய்தது பழைய கண், அதே கண்ணாலும் ஒரு தடவை பார்த்து, எங்கே பிசகினோம் என்று தெரிந்துகொள்ள வேண்டுமாம். ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. டீச்சர் என் சமையலறையில் வந்து அழுதார்.

"ஒரு குருவிக்காகக் கண்ணை விட்டுடுவாரு போல இருக்குதும்மா. அந்தக் கண்ணுல இப்ப வாசப்படியே சரியாத் தெரியல அவருக்கு. நீயாச்சும் சொல்லேன்."

நான் சொன்னேன். கத்தினேன். காலில் விழாத குறை. "வரட்டும்மா" என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. கடவுளிடம் நான் எனக்காக எதுவும் பெரிதாகக் கேட்டதில்லை. அந்த இரண்டு மாதம், ஒரு கட்டைவிரல் குருவியை இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சீக்கிரம் கிளப்பி அனுப்பச் சொல்லித் தினமும் கேட்டேன்.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. டீச்சரும் வந்திருந்தார். மணி பத்தரை இருக்கும். கொடுக்காப்புளியின் கீழ்க்கிளையில் என்னவோ அசைந்தது. பால் டீ நிறம். துள்ளித் துள்ளி வெளிக் கிளைக்கு வந்தது.

ரிஜெக்ட் சார் எழுந்து நின்று முதலில் புதுக் கண்ணை மூடினார். "டான்" என்றார். பிறகு பழைய கண்ணை மூடினார். குருவி வாலை ஒரு தடவை விரித்து மூடியது. அது கிளை மாறி, மதிலைத் தாண்டி, சரோஜாக்காவின் எலுமிச்சம்பழத்துக்கு மேலே பறந்து போகிற வரைக்கும் அவர் அப்படியே ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றார்.

"நீ சொன்னது சரிம்மா. நான் தள்ளுனது தப்பு. எழுதிக்கோ, நாப்பத்தி மூணு."

"சார், நான் போட்டோ எடுக்கல" என்றேன். உண்மையில் நான் குருவியைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். "பரவால்ல. நான் பார்த்துட்டேன்" என்றார். டீச்சர் பக்கம் திரும்பி, "நாளைக்கே ஆஸ்பத்திரி போலாம்" என்றார்.

இடது கண்ணும் நல்லபடியாக முடிந்தது. நாற்காலியை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். கொல்லையில் நிம்மதி. என் சட்னியை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வாரம் அந்த நிம்மதியை அனுபவித்துப் பார்த்தேன். அதற்கு மேல் முடியவில்லை. மூன்றாவது ஞாயிறு, எங்கள் வாசலில் அரிசி பொறுக்குகிற ஒரு சிட்டுக்குருவியைப் படம் பிடித்து, பிரின்ட் போட்டு, பத்து மணிக்கெல்லாம் அவர் மேஜைக்குக் கொண்டுபோனேன்.

"சார், இது இன்னா குருவின்னே தெரியல. கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். ஆம்பூரில் தவழ்கிற குழந்தைக்கும் சிட்டுக்குருவியைத் தெரியும். எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.